பெருநாளில் சொன்ன இங்கி

அந்தச் சொல்லை ருஸ்மினி சொல்லியிருக்கவே கூடாது. ஆனால் ஜாவாவின் கோத்தகெடேயில் பிறந்து வளர்ந்தவள், அதுவும் பெருநாள் காலையில், அண்ணன் காலடியில் உட்கார்ந்துகொண்டு வேறு என்னத்தைச் சொல்லிவிட முடியும்?

நோன்பு முடிந்த அன்று ஊருக்குத் தெற்கே பந்துலுக்குப் போயிருந்தாள். மே மாதப் பூகம்பத்தில் அண்ணன் தர்சோனோவின் வீடு மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க் கூடாரம். அதற்குள் அண்ணன், அண்ணி, மகள், இருமிக்கொண்டே இருக்கும் பேத்தி. அண்ணன் புதுச் சட்டை போட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ருஸ்மினி வழக்கப்படி மண்டியிட்டு அவர் முழங்காலில் நெற்றியை வைத்து, வருஷம் முழுக்கத் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் அவள் தலைமேல் கை வைத்து மன்னித்தார். அதே மூச்சில் அதையும் கேட்டார்.

"அப்பாவோட மண்டபத்தக் குடுத்துடலாம்னு இருக்கேன் ருஸ். வடக்க கடலோரத்துல ஓட்டல் கட்டுறாங்களாம், கேக்குறாங்க. பெருமழைக்குள்ள இங்க நாலு சுவராவது எழுப்பியாகணும். சரிதானேம்மா?"

"இங்கி," என்றாள் அவள், முழங்காலிலிருந்து தலையை எடுக்காமலே.

இங்கி என்றால் ஜாவா மொழியில் 'ஆமாம்', பெரியவர்களிடம் சொல்கிற மரியாதையான ஆமாம், என்று அகராதி சொல்லும். அகராதி எழுதியவனுக்கு ஜாவாவில் மாமியார் வீடு கிடையாது போலிருக்கிறது. 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்பதற்கும் இங்கிதான். 'நீங்கள் பெரியவர், எதிர்த்துப் பேசமாட்டேன்' என்பதற்கும் இங்கிதான். 'இப்போதைக்கு ஆளை விடுங்கள்' என்பதற்கும் அதேதான். எந்த இங்கி எதைச் சொல்கிறது என்பதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிதத்தில் பாதியை ஒடித்துச் செய்த சொல் அது. அன்றைக்கு ருஸ்மினியின் முகம் அண்ணனின் முழங்காலில் புதைந்திருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போதே அந்தக் கேள்வி அவளைத் தொற்றிக்கொண்டது. அண்ணன் எந்த இங்கியை எடுத்துக்கொண்டார்? கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரே.

மண்டபம் என்றால் வீட்டுக்கு முன்னால் நாலு பெரிய தேக்குத் தூண்கள்மேல் கூரை கூடாரம்போலக் குவிந்து நிற்கும் திறந்த கூடம். கல்யாணம், காரியம், தெருக் கூட்டம் எல்லாம் அங்கேதான். அதற்குப் பின்னால் இரண்டு அறைகளில் ருஸ்மினி தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளிப் பட்டறைகளிலிருந்து வரும் தட்டு, கிண்ணங்களைப் பூந்திக்கொட்டை நீரில் தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பது அவள் பிழைப்பு. அந்த வேலையையும் மண்டபத்தில் உட்கார்ந்துதான் செய்வாள். பூகம்பத்தில் மண்டபம் விழவில்லை, சாய்ந்தது. ஒரு தூணின் அடிப்பாகம் உளுத்துப்போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

தெருவில் மற்ற மண்டபங்கள் ஒவ்வொன்றாக லாரி ஏறிக்கொண்டிருந்தன. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. கூரைக்கு ஓடு வாங்க வக்கில்லாதவன் தூணை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தெருவே பல் விழுந்த வாயாக ஆகிக்கொண்டிருந்தபோதுதான் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹெந்தார்த்தோ வந்தார். கட்டடக்கலை ஆசிரியர், நல்ல மனுஷர், வியர்வை நிற்காத ஆள். ஏதாவது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம், தெருக்காரர்களே அதைப் பிரித்து, பழுது பார்த்து, திரும்ப நிறுத்தப் பழகுவார்கள், பிறகு அவரவர் வீட்டுக்கும் அவர்களே கை கொடுப்பார்கள் என்றார். ருஸ்மினியின் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். செலவுக்கு எங்கோ ஒரு நிதி.

நோன்புக்கு முன்பே பிரித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி. தெருவே கூடியது. வெள்ளித் தட்டில் இலையும் கொடியும் புடைத்த விரல்கள் இப்போது தேக்கில் உளி பிடித்தன. உளுத்த அடியை வெட்டியெடுத்துப் புதுக் கட்டையை ஒட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு கட்டையும் எந்த மூலை, எந்த வரிசை, எந்தப் பக்கம் பார்த்து நிற்கவேண்டும் என்று முதலில் சாயத்தில் எழுதினார்கள். முதல் தூறலுக்கே அது வழிந்துபோனது. உடனே தட்டார்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. பித்தளைத் தகட்டை வெட்டி, அதில் எண்ணையும் திசையையும் புடைத்து, சுற்றிலும் சின்னதாக ஒரு கொடி வேறு போட்டு, ஒவ்வொரு கட்டையிலும் அடித்துவிட்டார்கள். பிணத்துக்கு இவ்வளவு நகை எதற்கு என்று எதிர்வீட்டு முர்யாத்தி கிண்டல் செய்தாள். பிணமில்லை, பிரசவத்துக்குப் போயிருக்கிறது, முழுசாகத் திரும்பி வரும் என்றாள் ருஸ்மினி. அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

பெருநாளுக்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. நடந்ததை யாரிடமும் சொல்லவுமில்லை. ஒரே ஒரு எண்ணம்தான்: அண்ணன் வருவதற்குள் மண்டபம் எழுந்து நின்றுவிட வேண்டும். கிடக்கிற மரத்தை விற்க யாருக்கும் மனசு வரும். நிற்கிற மண்டபத்தை, அதுவும் ஊரே சேர்ந்து நிறுத்திய மண்டபத்தை, பிரிக்கச் சொல்ல அண்ணனுக்கு வாய் வராது. ஹெந்தார்த்தோவிடம் போய் அடுத்த ஞாயிறே மண்டபத்தைத் தூக்கி நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். அவர் "இங்கி" என்றார். அந்த ஞாயிறு போயிற்று. விழாவாகச் செய்யவேண்டும், வட்டார அதிகாரி வரவேண்டும், அவருக்குத் தோதான நாள் கிடைக்கவேண்டும். மறுபடி கேட்டாள். மறுபடி இங்கி. தூக்கத்தில்கூட லாரிச் சத்தம் கேட்டது அவளுக்கு. பகலில் வெள்ளிக் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக நாள் வைத்தார்கள். நவம்பரில் ஒரு ஞாயிறு. காலையிலேயே பாய் விரித்து, மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, கோழியும் முட்டையும் சுற்றி அடுக்கினாள் முர்யாத்தி. இளைஞர்கள் மூங்கில் சாரம் கட்டி முடித்திருந்தார்கள். நாலு தூண்களும் அவற்றின் கல் பீடங்களுக்குப் பக்கத்தில் தலை சாய்த்துக் கிடந்தன, தூக்கி நிறுத்துவதுதான் பாக்கி. அதிகாரியின் கார் இன்னும் வரவில்லை. வராவிட்டால் என்ன, ஆரம்பித்துவிடலாமே என்று ருஸ்மினி தெருத்தலைவர் சுகிஜானிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். பெரியவர் வருமுன் தொடங்கினால் நன்றாயிருக்காது, ஒரு டீ குடியுங்கள் என்றார் அவர். இந்த ஊரை மரியாதைதான் கெடுத்தது என்று அவளுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. டீயை வாங்கிக் குடித்தாள்.

கார் வரவில்லை. லாரி வந்தது.

பின்னோக்கியே சந்துக்குள் நுழைந்த லாரியின் முன் இருக்கையிலிருந்து தர்சோனோ இறங்கினார். அதே பெருநாள் சட்டை. கையில் வாழையிலைப் பொட்டலங்கள். முற்றத்தில் அடுக்கியிருந்த மரங்களையும், ஒவ்வொன்றிலும் மின்னிய பித்தளைத் தகட்டையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியது. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, என் தங்கை எனக்காக இவ்வளவு செய்திருப்பாள் என்று நினைக்கவேயில்லை, பிரிக்கக் கூலிக்கு ஆள் தேடவேண்டுமே என்று கலங்கிப்போயிருந்தேன், தெருவே சேர்ந்து பிரித்து எண் போட்டு வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்றார். லாரியோடு வந்த மேஸ்திரி ஒரு தகட்டைத் தடவிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாகக் கட்டிக் கொடுத்த சரக்கை நான் இதுவரை ஏற்றியதில்லை என்றான்.

அண்ணன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நன்றி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. ஹெந்தார்த்தோவிடம் ஓடி, நீங்கள் சொல்லுங்கள், இது பயிற்சிக்காகப் பிரித்தது என்று சொல்லுங்கள் என்றாள். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் போனார். மெதுவாக, சுற்றி வளைத்து, இந்த மண்டபத்தின் அருமை பெருமையெல்லாம் சொன்னார். தர்சோனோ பொறுமையாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் இங்கி, இங்கி என்றார். கடைசியில் ஹெந்தார்த்தோ திரும்பி வந்து, குடும்ப விஷயம், நான் எப்படி நடுவில் வருவது, அதுசரி, நீங்கள் அவரிடம் மாட்டேன் என்று சொன்னீர்களா இல்லையா என்று கேட்டார்.

அவளே போனாள்.

"அண்ணா, இதத் திரும்ப எழுப்பி நிறுத்தத்தான் பிரிச்சோம். இன்னைக்கு நிறுத்துறதா இருந்தோம்."

தர்சோனோவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு மெல்ல வடிந்தது. "நான் பெருநாளன்னைக்கே கேட்டேனேம்மா. நீ இங்கின்னியே."

"உங்க முழங்கால்ல தலைய வச்சிருந்தேன்ணா. அப்ப நான் வேற என்ன சொல்லுவேன்?"

"நானும் உன் தலையில கைய வச்சிருந்தேன்," என்றார் அவர். "அப்ப சொன்னத நான் நம்பாம இருப்பேனா?"

அங்கிருந்த அத்தனை பேருக்கும் அந்த இங்கி எப்படிப்பட்டது என்று தெரியும். ஒவ்வொருவரும் வாழ்க்கையில் பத்து தடவையாவது அப்படி ஒன்றைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள்தான். தர்சோனோ கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அதட்டவில்லை. பேத்திக்கு நெஞ்சில் சளி, கூடாரத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது, முன்பணம் வாங்கிச் செங்கல் இறக்கியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, "நான் மூத்தவன். எனக்கும் இதுல உரிமை இருக்கு. எடுத்துக்கிட்டுப் போறேன், தப்பா நினைக்காதீங்க," என்றார்.

சுகிஜான் தரையைப் பார்த்தார். முர்யாத்தி சோற்றுக் கோபுரத்தின் உச்சியைச் சரிசெய்தாள். பிறகு தெருத்தலைவர் "இங்கி" என்றார். அடுத்தவர் சொன்னார். அதற்கடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே முற்றத்தில் அவளோடு வியர்வை சிந்தியவர்கள், ஒருவர்விடாமல், தாழ்ந்த குரலில் இங்கி என்றார்கள். அவர்களுடையது எந்த இங்கி என்று ருஸ்மினிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? அவளுக்கு அத்தனை பேர்மேலும் ஆத்திரம் வந்தது, எல்லாரையும்விடத் தன்மேல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. லாரிக்காரர்கள் தூணை உருட்டிக்கொண்டு போனதைத் தெருக்காரர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒட்டுப் போட்ட இடம் விட்டுவிடும், அப்படிப் பிடிக்காதே என்று ஒருவர் எழுந்தார். கயிறு அறுக்கும், சாக்கு சுற்று என்று இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் தெருவே தோள் கொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தது, படித்த பாடத்தை ஒரு பிசகில்லாமல். பயிற்சி வெற்றி. ஹெந்தார்த்தோ கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார். ருஸ்மினி கல் பீடத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து அவர்கள் கையைப் பிடித்து இழுக்கவேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை.

தூண்கள், குறுக்கு விட்டங்கள், கைமரங்கள் எல்லாம் ஏறிவிட்டன. கடைசியாக நாலு தூண்களின் தலையில் உட்காரும் நீள உத்திரங்கள் இரண்டு. அவை லாரியைவிட நீளம். மேஸ்திரி இப்படியும் அப்படியும் அளந்துபார்த்துவிட்டு, வண்டியிலிருந்து மோட்டார் ரம்பத்தை எடுத்துவரச் சொன்னான். நடுவில் அறுத்துவிடலாம், அங்கே போய் இரும்புத் தகடு வைத்து முடுக்கிக்கொள்ளலாம், ஓட்டலில் மேலே பலகை அடித்து மறைக்கத்தான் போகிறார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றான். தர்சோனோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ரம்பம் உறுமியதும் ருஸ்மினிக்குக் கால் வந்துவிட்டது. ஓடிப்போய் உத்திரத்தின்மேல் ஏறி நின்றாள். மேஸ்திரி ரம்பத்தை அணைத்துவிட்டு, அறுக்காமல் ஏற்ற முடியாது, உத்திரம் இல்லாமல் மற்றது எங்களுக்கு வேண்டாம், இறக்கிக்கொள்ளுங்கள், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், எனக்கு இன்னொரு ஊரில் சரக்கு இருக்கிறது என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் ஜெயித்துவிட்டாள். இறங்காமல் நின்றால் போதும். வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லவேண்டியதில்லை. ஹெந்தார்த்தோ அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், அப்படியே நில்லுங்கள் என்பதுபோல. முர்யாத்தியின் முகத்தில் அப்பட்டமான சந்தோஷம்.

தர்சோனோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு லாரியில் ஏறி, மேலே கிடந்த கைமரம் ஒன்றின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார், தன்னந்தனியாக. முடிச்சு இறுகியிருந்தது. அறுபது தாண்டிய விரல்கள் வழுக்கின. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது பெரிய துளிகளாக மழை ஆரம்பித்தது. அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். அது மழையைப் பார்க்கிற பார்வை இல்லை. கூடாரத்துக்குள் ஓரம் ஓரமாகப் பாயை நகர்த்திக்கொண்டிருக்கும் பேத்தியைப் பார்க்கிற பார்வை. ருஸ்மினிக்கு அது தெரிந்தது. தெரியாமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அவளுக்கு அவர்மேல் இரக்கம் மட்டும் வந்தது என்று சொன்னால் பொய். வெறுப்பும் வந்தது. ஏன் என்னிடம் கேட்டாய், ஏன் அன்றைக்கு, ஏன் அந்த நேரத்தில் என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போலிருந்தது. மண்டபம் போனால் தனக்கு இந்த ஊரில் என்ன மிச்சம் என்று நினைத்தாள். காலுக்கடியில் தேக்கு நனைந்து கறுத்துக்கொண்டிருந்தது. பித்தளைத் தகட்டின் கொடியில் தண்ணீர் ஓடியது.

அவள் உத்திரத்திலிருந்து இறங்கினாள்.

மேஸ்திரியிடம் ரம்பத்தை வண்டிக்குள் வைக்கச் சொன்னாள். உத்திரத்தை மூலைவிட்டமாகச் சாய்த்து, தலையை டிரைவர் இருக்கைக் கூரைக்கு மேலே ஏற்றி, வாலைப் பின்னால் வெளியே விட்டுச் சிவப்புத் துணி கட்டலாம், பயிற்சியில் மரக்கிடங்கிலிருந்து தேக்கு அப்படித்தான் வந்தது என்றாள். அதற்குக் கைமரங்களை இறக்கி வேறுமாதிரி அடுக்கவேண்டும். மேஸ்திரி தயங்கினான். இவ்வளவு ஆளிருக்கிறோம், அரை மணியில் ஆகிவிடும் என்றாள். முர்யாத்தி அவள் கையைப் பிடித்து, "உனக்கென்ன பைத்தியமாடி? ஒண்ணும் செய்யாம நின்னிருந்தாலே போதுமே," என்றாள். ருஸ்மினி கையை விடுவித்துக்கொண்டு லாரியில் ஏறினாள். எந்தக் கட்டை எதன்மேல் என்று அவளைவிடத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. தகட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். வடகிழக்கு, இரண்டாம் வரிசை, முகம் உள்ளே. தென்மேற்கு, மூன்றாம் வரிசை. தெருக்காரர்கள் மழையில் நனைந்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார்கள்.

முதல் உத்திரம் ஏறியது. அவள் சாக்கைச் சுற்றிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். தர்சோனோ மறுமுனையைப் பிடித்திருந்தார். முகத்தில் மழையா கண்ணீரா என்று தெரியவில்லை.

"அப்ப உனக்குச் சம்மதம்தானே ருஸ்?" என்று கேட்டார். அதைக் கேட்காமல் அவரால் போக முடியாது போலிருந்தது.

பெரியவர்களுக்கு மறுப்புச் சொல்லவும் அந்த மொழியில் மரியாதையான சொல் ஒன்று இருக்கிறது. அவள் அதைத் தேடவில்லை. சந்தையில் மீன்காரனிடமும் வாசலில் நாயிடமும் சொல்கிற சொல்லைத்தான் சொன்னாள், அத்தனை பேர் காதிலும் விழும்படி.

"இல்ல. எனக்குச் சம்மதமில்ல. என்னைக்கும் இல்ல."

சொல்லிவிட்டு, முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து, இரண்டாவது உத்திரத்தைத் தூக்கச் சொன்னாள்.